வீடில்லாதவர்களுக்கு இரண்டு நாள் தியான முகாம்: காரைக்குடிப் பக்கம் நடத்த யோசனை வேண்டும்

மேலவாசல்:

வணக்கம். காரைக்குடி பேருந்து நிலையம், ரயில் நிலையம், கொப்புடையம்மன் கோயில் வாசல், பிள்ளையார்பட்டி ஆகிய இடங்களில் வெளியிலேயே படுத்து எழுகிறவர்களுக்கு ஒரு தியான முகாம் நடத்தலாம் என்று ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம். சோறு போடுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. உட்கார வைத்து மனசுக்கு ஆறுதலாக யாரும் எதுவும் செய்வதில்லை. கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் பழைய வீடு ஒன்றை இரண்டு நாளைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் திட்டம்: இருபது பேர். வெள்ளி காலை 6 மணிக்கு வேனில் ஏற்றுவது. குளியல், புதுத்துணி. பிறகு மௌனம், கண்மூடித் தியானம், பஜனை, இரவு விரதம். சனிக்கிழமை மாலை கொண்டுவந்து விடுவது. விவரம் தெரிந்தவர்கள் திருத்திச் சொல்லுங்கள்.

வழித்துணை:

அண்ணே, நோக்கம் நல்ல நோக்கம். ஆனா இதை அப்படியே நடத்தினா முதல் நாள் மத்தியானத்துக்குள்ள பாதிப் பேர் கிளம்பிடுவாங்க.

முதல்ல கிழமை. வெள்ளிக்கிழமை கொப்புடையம்மன் வாசல்ல உட்கார்றவங்களுக்குப் பிழைப்பே அன்னைக்குத்தான். பிள்ளையார்பட்டியில சங்கடஹர சதுர்த்தி, குன்றக்குடியில செவ்வாய், சஷ்டி, கார்த்திகை, பள்ளிவாசல்ல வெள்ளி மத்தியானம், சர்ச் வாசல்ல ஞாயிறு. அந்த நாள்ல கூட்டிட்டுப் போனா அவங்க ஒரு வாரத்துக் காசை நீங்க எடுத்துட்டீங்கன்னு அர்த்தம். புதன் காலையில தொடங்கி வியாழன் சாயங்காலம் முடிங்க. காலண்டர்ல சதுர்த்தியும் சஷ்டியும் விழாத வாரமா பாத்துக்குங்க.

மாசமும் முக்கியம். தைப்பூசத்துக்கு முன்னாடி பழனி பாதயாத்திரை போற வழி முழுக்க அன்னதானம். நடக்க முடிஞ்சவங்க அந்த வழியிலதான் இருப்பாங்க, ஆள் கிடைக்க மாட்டாங்க. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில நடத்தவே வேண்டாம். ஒரு ராத்திரி கூரைக்குக் கீழே படுக்க வச்சிட்டு மறு ராத்திரி ஈரத் தரைக்குத் திருப்பி அனுப்புறது பெரிய கொடுமை. சித்திரை, வைகாசி வெயில் தெரிஞ்சதுதான். பூசம் முடிஞ்சு, முத்துமாரியம்மன் மாசி-பங்குனித் திருவிழா தொடங்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் இடைவெளி இருக்கு. அதுதான் சரியான நேரம்.

அடுத்தது மூட்டை. அந்தச் சாக்குப்பையிலதான் ஆதார், ரேஷன் அட்டை, மாத்திரைச் சீட்டு, போட்டோ எல்லாம் இருக்கும். "மூட்டையை இங்கேயே வச்சிட்டு வாங்க"ன்னு சொன்னா வர மாட்டாங்க, வரவும் கூடாது. வேன்ல மூட்டைக்குத் தனி இடம் விடுங்க. துணிப்பட்டையில நம்பர் எழுதி ஒண்ணை மூட்டையில கட்டி, அதே நம்பரை அவங்க கையில கொடுங்க. அவங்க முன்னாடி தவிர யாரும் அதைத் திறக்கக் கூடாது. நாத்தம் அடிச்சாலும் தூக்கிப் போடக் கூடாது. படுக்கிற இடமும் அப்படித்தான். கடை வாசல் ஒரு ராத்திரி காலியா கிடந்தா வேற ஆள் வந்துடுவார். பக்கத்துல படுக்கிறவர்கிட்டயும் கடைக்காரர்கிட்டயும் முன்னாடியே சொல்லி வைக்கணும்.

இருபது பேர் அதிகம். ஆறு பேர் வச்சு பன்னிரண்டு பேரைத்தான் பாக்க முடியும்.

செவிலி தேவகோட்டை:

மேலவாசல் சார், விரதம்னு போட்டிருக்கீங்களே, அதைத் திட்டத்திலிருந்து இன்னைக்கே எடுத்திடுங்க. சர்க்கரை மாத்திரை, குறிப்பா கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை போடுறவங்களும் இன்சுலின் போடுறவங்களும் சாப்பாட்டைத் தவறவிட்டா சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், உளறல் வரும். பாக்கிறவங்க அதை "அருள் வந்திருக்கு"ன்னு நினைச்சு நிக்கக் கூடாது. நினைவு இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கலக்கிக் கொடுத்து, 15 நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும். நினைவு இல்லேன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. மனநலத்துக்கு லித்தியம் எடுக்கிறவங்களுக்கு உப்பும் தண்ணியும் குறைஞ்சா மருந்தே விஷமாகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து குடி. தினமும் குடிக்கிற ஒருத்தரை இரண்டு நாள் குடியில்லாத வீட்டுல வைக்கிறது புண்ணியம்னு தோணும். உடம்புக்கு அது தெரியாது. கடைசியாகக் குடிச்சு 6 முதல் 8 மணி நேரத்துல கைநடுக்கம், வாந்தி தொடங்கும். 12-லிருந்து 48 மணிக்குள்ள வலிப்பு வரலாம். 48 மணிக்கு மேல சன்னி: இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல், படபடப்பு, உயிரே போகலாம். உங்க முகாமோட நேரத்தையும் இந்த நேரத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒண்ணுக்கொண்ணு அப்படியே பொருந்துது.

அதனால பத்து நாளைக்கு முன்னாடியே ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியாகக் கேளுங்க. "குடிப்பீங்களா?"ன்னு கேட்டா இல்லைன்னுதான் வரும். "காலையில எழுந்ததும் கை நடுங்குமா? ஒரு நாள் விட்டா என்ன ஆகும்? எப்பவாவது வலிப்பு வந்திருக்கா?"ன்னு கேளுங்க. ஆமான்னா அரசு மருத்துவமனையில டாக்டரைப் பாத்து, மருந்தோட நிறுத்தின பிறகுதான் ராத்திரி தங்குற முகாம். அதுவரைக்கும் அவரை விலக்கிட வேண்டாம், நாலு மணி நேர பகல் கூடுகைக்குக் கூப்பிடுங்க. பீடிக்குத் தடை போடாதீங்க. பின்கட்டுல ஒரு இடம் காட்டிடுங்க. அதையும் தடுத்தா ராத்திரி சுவர் ஏறிக் கிளம்புவாங்க.

இரண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா முகாமுக்கு முன்னாடி காசநோய்க்கான சளிப் பரிசோதனை. அரிப்பு, விரலிடுக்குல கொப்புளம்னா சொறி சிரங்கு. பெர்மெத்ரின் 5 சதவீத களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை ராத்திரி தடவி 8 முதல் 12 மணி நேரம் கழிச்சுக் குளிக்கணும், ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. துணியை வெந்நீர்ல அலசணும், முடியலேன்னா பிளாஸ்டிக் பையில இறுகக் கட்டி மூணு நாள் வைக்கணும். முகாம் அன்னைக்குக் காலையில இதைக் கண்டுபிடிச்சுப் பிரயோஜனம் இல்லை.

வந்தவங்க பாதத்தைக் கழுவிவிடப் போறீங்கன்னா, தண்ணிச் சூட்டை உங்க முழங்கையை வச்சுப் பாருங்க. சர்க்கரைக்காரங்க காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோனாலும் சொல்ல மாட்டாங்க. புண்ணுல புழு இருந்தா அங்கே எதுவும் செய்யாம நேரா மருத்துவமனை.

ஆத்தங்குடிக் கல்:

வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் செட்டிநாட்டு வீடுகள் இதற்கு நல்லவைதான். வளவு (நடு முற்றம்) திறந்திருப்பதால் காற்று தேங்காது, சுண்ணாம்புச் சுவரும் பூக்கல் தரையும் குளிர்ச்சி. ஆனால் அதே தரை ஈரம் பட்டால் வழுக்கும். குளித்துவிட்டு ஈரக்காலோடு வளவைக் கடக்கிற வழி முழுக்கக் கோணிச்சாக்கு விரியுங்கள். நிலைப்படிகள் உயரம். காலை மடக்க முடியாதவர்களும் கண்மங்கியவர்களும் அங்கேதான் விழுவார்கள். ஒவ்வொரு படியிலும் வெள்ளைச் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலி வையுங்கள்.

பூட்டிக் கிடந்த வீடு என்கிறீர்கள். முதல் வாரமே போய்க் கிணற்று மேல்வலை, மின் கம்பி, வௌவால் எச்சம் பாருங்கள். கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். பழைய வீடுகளில் அது கடைசிக் கட்டுக்கும் அப்பால் இருக்கும். ராத்திரி இருட்டில் முதியவர்கள் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள், படுத்த இடத்திலேயே போய்விட்டு வெட்கத்தில் குன்றிப்போவார்கள். படுக்கும் இடத்திலிருந்து இருபது அடிக்குள் ஒரு தற்காலிகக் கழிப்பறை நாற்காலியாவது வேண்டும்.

படுக்கும் இடத்துக்கு ஓர் அளவு இருக்கிறது. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வீடற்றோர் காப்பக விதிகள் ஆளுக்கு 50 சதுர அடி என்கின்றன. பன்னிரண்டு பேருக்கு 600 சதுர அடி. ஆண்களை முன்பக்கப் பட்டாலையிலும் பெண்களை உள்ளே இரண்டாம் கட்டுப் பக்கமும் படுக்க வைக்கலாம், பெண்கள் பக்கம் பெண்கள் மட்டுமே காவல்.

கதவைப் பற்றி இன்னும் ஒன்று. அந்தத் தேக்குக் கதவுகளைச் சாத்தினால் வருகிற சத்தமே சிறை மாதிரி இருக்கும். போலீஸ் வண்டியில் அள்ளிக்கொண்டு போகப்பட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். வந்தவுடன் எல்லாக் கதவையும் காட்டி, "எப்ப வேணாலும் போகலாம், சொன்னா நாங்களே கொண்டுபோய் விடுவோம்" என்று சொல்லிவிடுங்கள். போகலாம் என்று தெரிந்தால்தான் ஆள் நிம்மதியாக உட்காருவார்.

சருகணி:

இது உலகத்தில் ஏற்கெனவே நடக்கிற காரியம்தான். அமெரிக்காவில் சிகாகோ நகரில் 1998-ல் கத்தோலிக்க இயேசு சபைக் குருவான பில் கிரீடும் எட் ஷுர்னாவும் இக்னேஷியன் ஸ்பிரிச்சுவாலிட்டி புராஜெக்ட் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வீடிழந்து, குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீண்டுகொண்டிருக்கிறவர்களுக்கான ஒடுக்கம், அதாவது தியான முகாம். கவனியுங்கள், மீண்டுகொண்டிருக்கிறவர்களுக்கு. செவிலி அக்கா சொன்னதை அவர்களும் முதலிலேயே யோசித்திருக்கிறார்கள். நமக்கு இந்த மரபு புதிதும் இல்லை. 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் உயிர்விட்ட அருளானந்தரும் (ஜான் டி பிரிட்டோ) இதே சபைக் குருதான்.

ஆனால் அங்கே செய்வதை அப்படியே எடுக்க முடியாது. "ஞான ஒடுக்கம்" என்பது எங்கள் பழைய சொல். உலகத்திலிருந்து ஒதுங்கி ஒடுங்கியிருப்பது. சுவர் ஓரமாக ஒடுங்கியே கிடக்கிறவரை இன்னும் ஒடுங்கச் சொல்வதில் என்ன இருக்கிறது? தனிமை அவர்களிடம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை, விரட்டாத இடம் இல்லை. அதனால் மௌனத்தைக் கடைசியில், அதுவும் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல் வையுங்கள். நான் இதை இளைப்பாறல் என்றே சொல்வேன். நம் சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல் மாதிரி. தலைச்சுமையை யாரும் கைகொடுக்காமலே இறக்கி வைக்கலாம், திரும்பத் தானே ஏற்றிக்கொண்டு போகலாம்.

நடத்தும் முறை: பன்னிரண்டு பேரை ஆறு ஆறாக இரண்டு குழுவாகப் பிரித்து வட்டமாக உட்கார வையுங்கள். குழுவுக்கு ஒருவர் கேட்பவர். ஒரு கூழாங்கல்லைக் கையில் கொடுங்கள். கல் யாரிடம் இருக்கிறதோ அவர் பேசுவார். பேச விருப்பமில்லை என்றால் கல்லை அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம், காரணம் கேட்கக் கூடாது. 45 நிமிடம் போதும். முதல் வட்டத்தில் கேள்வி ஒன்றுதான்: "உங்களை எப்படிக் கூப்பிட்டாப் பிடிக்கும்?" பெருசு, கிழவி, ஏய் என்று மட்டுமே கூப்பிடப்பட்டவர்கள் இதற்கே ரொம்ப நேரம் எடுப்பார்கள், எடுக்கட்டும். அதற்குப் பிறகு இரண்டு நாளும் அந்தப் பேரைத்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது வட்டத்தில் "கஷ்டமான நாள்ல எது உங்களைத் தாங்குது?" என்று கேளுங்கள். "ஏன் வீட்டை விட்டு வந்தீங்க?" என்பது கேட்கவே கூடாத கேள்வி. அது விசாரணை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், "பிள்ளைங்களை மன்னிச்சிடுங்க" என்று தீர்ப்பும் சொல்லாதீர்கள்.

குன்றக்குடி வாசல்:

சருகணி சொன்ன முறை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தை நேராகக் கேட்கிறேன். கிறிஸ்தவ முறையை எடுத்து வருகிறீர்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் கோயில் வாசல்காரர்கள். மதம் மாற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அத்தோடு போயிற்று.

அதற்குப் பயந்து எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஜோதி, ஒரு மூச்சுப் பயிற்சி என்று சாமியையே எடுத்துவிடுவதும் தப்பு. கொப்புடையம்மன் வாசலில் கிடக்கிற அப்பத்தாவுக்கு அம்மன்தான் ஒரே சொந்தம். அவளை எடுத்துவிட்டுக் காற்றைக் கொடுத்தால் என்ன பிரயோஜனம்?

சருகணி:

சரியான கேள்வி ஐயா. சோறு, குளியல், படுக்கை, மருந்து இதில் எதற்கும் பிரார்த்தனை விலையாக இருக்கக் கூடாது. வட்டத்தில் மதம் பேசுவது கேட்பவர் வேலை இல்லை, வந்தவர் பேசினால் அவர் சொல்லிலேயே கேட்க வேண்டும். காலையிலும் மாலையிலும் அரை மணி நேரத்தை விட்டுவிடுங்கள். அம்மன் படம் வேண்டுகிறவருக்குத் திருநீறும் குங்குமமும், ஜெபமாலை வேண்டுகிறவருக்கு ஜெபமாலை, தொழுகிறவருக்கு ஒளு செய்ய (கைகால் முகம் கழுவ) தண்ணீரும் சுத்தமான பாயும் தொழ வேண்டிய கிப்லா திசையும். ஒன்றும் வேண்டாதவருக்குத் திண்ணையும் டீயும். எல்லாரையும் ஒரே பஜனையில் உட்கார வைக்க வேண்டாம்.

குன்றக்குடி வாசல்:

இது எனக்குச் சம்மதம். சத்திரத்துக்கு வந்தவனிடம் சாமி பேர் கேட்டுச் சோறு போடும் வழக்கம் நம்மிடமும் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர்கள் மனதை அரிப்பது பெரும்பாலும் செய்யாமல் விட்ட காரியம். அம்மா செத்தது ஆறு மாதம் கழித்துத் தெரிந்திருக்கும், கருமாதிக்குப் போயிருக்க முடியாது. பிள்ளைக்குத் திதி கொடுக்கக் காசு இருந்திருக்காது. இதைப் பேச்சில் தீர்க்க முடியாது, கையால் செய்ய வேண்டும். முதல் நாள் அந்தி சாய்ந்ததும் வளவில் ஒரு பெரிய தாம்பாளத்தில் மணலைப் பரப்பி, ஆளுக்கு ஓர் அகல் கொடுங்கள். செத்தவர் பேரைச் சத்தமாகவோ மனதுக்குள்ளோ சொல்லி ஏற்றட்டும். இஸ்லாமியர் துஆ கேட்கலாம், கிறிஸ்தவர் மெழுகுதிரி வைக்கலாம். எண்ணெய் அரை லிட்டர் போதும். கைநடுக்கம் உள்ளவர்களுக்கு நீங்கள் தீக்குச்சி பிடித்துக்கொடுங்கள், ஆனால் திரியில் அவர்கள் கை பட வேண்டும். ஒரு வாளி மண் பக்கத்தில் இருக்கட்டும். சேலைத் தலைப்பைச் செருகச் சொல்லுங்கள்.

வழித்துணை:

ஐயா சொன்னதுல இருந்து அடுத்ததுக்கு வர்றேன். "நான் செத்தா யார் எடுத்துப் போடுவாங்க?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். "அதெல்லாம் இப்ப எதுக்கு"ன்னு வாயை மூடாதீங்க. அநாதைப் பிணமாகிறதுதான் அவங்களோட பெரிய பயம். ஒரு நோட்டுல எழுதிக்குங்க: புதைக்கணுமா, எரிக்கணுமா, யாருக்குச் சொல்லணும், யாருக்குச் சொல்லவே கூடாது. அந்தக் கடைசிக் கேள்வியை மறந்துடாதீங்க, அடிக்குப் பயந்து ஓடி வந்தவங்க இருப்பாங்க. பேரும் உங்க குழுவோட நம்பரும் எழுதின அட்டையை லேமினேட் பண்ணிக் கொடுங்க. சட்டைப்பையில அது இருந்தா மருத்துவமனையில "அடையாளம் தெரியாதவர்"னு பதிவாக மாட்டாங்க.

ஆனா அட்டையைக் கொடுத்துட்டு நம்பரை மாத்தக் கூடாது. போனை எடுக்க ஆள் இருக்கணும். முடியாதுன்னா கொடுக்காதீங்க.

மனநலப் பணி:

கண்மூடித் தியானத்தை விட்டுவிடுங்கள். தெருவில் படுக்கிற பெண்ணுக்குக் கண்ணை மூடுவது என்றால் பயம். குரல் கேட்கிறவர்களுக்கு அமைதி கூடக் கூடக் குரல் சத்தமாகும். கண்ணைத் திறந்தபடி பாதம் தரையில் பதிவதை, பூக்கல்லின் குளிர்ச்சியைக் கவனிக்கச் சொல்லுங்கள். வாசலைப் பார்த்த மாதிரி உட்கார விரும்பினால் விடுங்கள். கேட்காமல் தோளில் கை போட வேண்டாம், ஆறுதலுக்காக என்றாலும் வேண்டாம்.

அழுகை வந்தால் அழட்டும், தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். பார்வை நிலைகுத்தி, கூப்பிட்டால் பதில் வராமல் போனால் அது வேறு. பேர் சொல்லி, "இது கானாடுகாத்தான் வீடு, இன்னைக்குப் புதன்கிழமை, நான் இன்னார்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். வட்டத்திலிருந்து எழுப்பி வளவு வெளிச்சத்துக்குக் கூட்டிப்போங்கள், அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாம். சாக வேண்டும் என்று சொன்னால் தனியாக விடாமல், எப்படி, எப்போது என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வளராது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருபத்துநாலு மணி நேரமும் உண்டு.

முகாமுக்கு ஆள் தேடும்போதே மனநோய் முற்றித் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத ஒருவரைப் பார்ப்பீர்கள். அவரை வேனில் ஏற்றாதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100-ன்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பது காவல் நிலைய அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆச்சி சமையல்:

சாப்பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே. பன்னிரண்டு பேரும் நீங்கள் ஆறு பேரும், ஆகப் பதினெட்டு. ஒரு வேளைக்கு இரண்டே கால் கிலோ அரிசி. காலைக்கு 72 இட்லி, அதற்கு ஒன்றேகால் கிலோ இட்லி அரிசியும் 300 கிராம் உளுந்தும். முதல் நாளே விருந்து போட்டுவிடாதீர்கள் அப்பா. வெள்ளைப் பணியாரமும் கோழிக்குழம்பும் காய்ந்த வயிற்றுக்கு ஆகாது, ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. முதல் நாள் கஞ்சி, இட்லி, குழைந்த சாதம், மிளகு குறைத்த ரசம். பல் இல்லாதவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள். கந்தரப்பமும் மற்றதும் இரண்டாம் நாள் மத்தியானம். வயிறு போனால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

இலை போட்டு உட்கார வைத்துப் பரிமாறுங்கள். வரிசையில் தட்டேந்துவது அவர்களுக்குத் தினமும் இருக்கிறது. நீங்களும் அதே பந்தியில் உட்காருங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று கேட்க வைக்காமல் நீங்களே கேளுங்கள்.

மேலவாசல்:

எல்லாருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டோம். பன்னிரண்டு பேர், மாசி முதல் வாரம், புதன் காலை 9 மணி முதல் வியாழன் மாலை வரை. விரதமும் கண்மூடித் தியானமும் கிடையாது. முதல் நாள்: குளியல், இட்லி, 11 மணிக்கு முதல் வட்டம், சாப்பாடு, 3 மணிக்கு இரண்டாம் வட்டம், 4 மணிக்கு வந்தவர்கள் பாதத்தைக் கழுவிவிடுதல், அந்தியில் அகல். ராத்திரி 10 முதல் 2, 2 முதல் 6 என்று இரண்டு இரண்டு பேர் விழித்திருப்போம். முடிவில் எல்லாரையும் வைத்து ஒரு போட்டோ.

வழித்துணை:

போட்டோ வேண்டாம் அண்ணே. நன்கொடை கொடுத்தவருக்கு அனுப்பவும் வேண்டாம், பேனரும் வேண்டாம். யாருக்கோ பயந்து ஒளிஞ்சிருக்கிறவர் முகம் ஒரு வாட்ஸப் குரூப்ல போதும், ஊரு பூரா போயிடும்.

மூணு மணி வட்டத்தையும் எடுத்திடுங்க. சாப்பிட்டதும் தூங்க விடுங்க. தெருவில படுக்கிறவங்க முழுசாத் தூங்கி மாசக்கணக்காகியிருக்கும், நாயும் கொசுவும் கம்பும் எழுப்பிக்கிட்டே இருக்கும். அன்னைக்கு மத்தியானம் யாரும் எழுப்பாம மூணு மணி நேரம் தூங்கினாங்கன்னா, அதைவிட நல்ல தியானம் உங்க திட்டத்துல இல்லை. இரண்டாவது வட்டம் வியாழன் காலையில இருக்கட்டும். ராத்திரி விளக்கை முழுசா அணைக்காதீங்க.

செவிலி தேவகோட்டை:

வியாழன் சாயங்காலம் இறக்கிவிட்டதும் வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. இரண்டு நாள் பேரோட இருந்துட்டு மறுபடியும் பேரில்லாம ஆகுற அந்த முதல் ராத்திரிதான் ரொம்பக் கனமா இருக்கும். குடியை விட்டவர் திரும்பத் தொடுறதும் அன்னைக்குத்தான். வெள்ளிக்கிழமை காலையில இரண்டு பேர் போய் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்துட்டு வாங்க. அப்புறம் வாரம் ஒரு நாள், அதே கிழமை, அதே நேரம், அதே இடத்துல ஒரு மணி நேரம் டீயோட உட்கார்றது. இதுக்கு ஆறு மாசத்துக்கு ஆள் உறுதியாகலேன்னா முகாமைத் தள்ளி வைங்க.

வீடு வாங்கித் தர்றோம், பிள்ளைகிட்ட பேசுறோம்னு எதுவும் வாக்குக் கொடுக்காதீங்க. செய்ய முடிஞ்சதைச் செய்ங்க. முதியோர் உதவித்தொகை பாதிப் பேருக்கு நின்னுபோயிருக்கும். ஆதார்ல கைரேகை விழாததும் வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கிறதும்தான் பெரும்பாலும் காரணம். வார டீயில ஒவ்வொருத்தராக் கூட்டிப்போய் அதைச் சரிபண்ணலாம்.

மேலவாசல்:

போட்டோவை எடுத்துவிட்டோம், மூன்று மணி வட்டத்தையும். வார டீக்கு இதுவரை நாலு பேர் உறுதி சொல்லியிருக்கிறார்கள், இன்னும் இரண்டு பேர் வேண்டும். காரைக்குடிக்குள் இருப்பவர்கள், புதன் மாலை 5 முதல் 6 வரை ஆறு மாதம் தவறாமல் வர முடியும் என்றால் மட்டும் இங்கே எழுதுங்கள்.

ஆத்தங்குடிக் கல்:

என் பேரை எழுதிக்கொள்ளுங்கள். கோணிச்சாக்கு பதினைந்தும் நான் கொண்டுவருகிறேன்.